குடித்தேன், குணமானது: ஒரு மருந்தைச் சோதிப்பது என்றால் என்ன?

எனக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த நான்காவது வாரம். பெரியம்மா பையன் பாலாஜிக்கும் அதே வாரம் வந்தது. இரண்டு பேரும் அந்தக் கல்யாணத்தில் ஒரே டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தவர்கள். பெரம்பூரில் பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் எங்களை ஒரே பாயில் படுக்கப்போட்டார்கள். விடிந்ததும் பெரியம்மா கீழாநெல்லியை வேரோடு அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, மோரில் கரைத்துக் கொடுப்பார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன். பாலாஜி வாயில் வைத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போய், அங்கிருந்த வாழைக்கு ஊற்றிவிட்டு வருவான்.

மூன்று வாரத்தில் எனக்குக் கண் வெளுத்தது. அவனுக்கும் அதே மூன்று வாரம்தான்.

அப்புறம் ஒரு இருபது வருடம், யாருக்குக் காமாலை என்றாலும் "கீழாநெல்லி குடிங்க, எனக்கே சரியாச்சு" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். வாழை மரம் நினைவுக்கே வரவில்லை. மருந்துச் சோதனை என்ற விஷயம் முழுவதும் அந்த வாழை மரத்தை மறக்காமல் இருப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று பின்னாளில்தான் புரிந்தது.

சென்னையில் டெங்கு சீசன் வந்தால் நிலவேம்பு, சுகர் என்றால் ஆவாரம்பூ, எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள். போனில் வரும் இந்தச் செய்திகள் எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி: "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டுள்ளது." எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம், "மூலிகையெல்லாம் சும்மா" என்கிறது. இரண்டு பேரும் சோதனை என்ற சொல்லைக் காற்றில் விடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

எங்கே சோதித்தார்கள்?

ஒருவர் "எனக்குக் கார் ஓட்டத் தெரியும்" என்கிறார். மொபைல் கேமில் ஓட்டியிருக்கிறாரா, ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஓட்டிக் காட்டினாரா, சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்திப்பாராவில் ஓட்டியிருக்கிறாரா? மூன்றும் ஓட்டுவதுதான். ஆனால் அவரை நம்பிப் பின் சீட்டில் ஏறுவதற்கு மூன்றாவதுதான் வேண்டும்.

மருந்திலும் அப்படி மூன்று இடங்கள். கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களிலோ கிருமிகளிலோ சோதிப்பது முதல் இடம். அதைக் கண்ணாடிச் சோதனை என்போம். எலி போன்ற விலங்குகளில் சோதிப்பது இரண்டாவது. மனிதரிடம் சோதிப்பது மூன்றாவது. நம் போனுக்கு வரும் 'நிரூபணங்களில்' பெரும்பாலானவை முதல் இடத்தைத் தாண்டாதவை. கேமில் ஜெயித்தவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

செடிக்குள் என்ன இருக்கிறது?

சோதிக்கும் முன் ஒரு கேள்வி உண்டு: எதைச் சோதிக்கிறோம்? "நிலவேம்பு" என்று சொன்னால் போதாதா?

காலை காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அந்தக் கறுப்புத் திரவத்தில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. நிறம் தருவது ஒன்று, மணம் தருவது பல, கசப்பு தருவது இன்னும் சில. தூக்கத்தைக் கலைப்பது எது? காஃபீன். 1819-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ரங்கே அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். ஒரே விதமான மூலக்கூறுகளால் ஆன இப்படிப்பட்ட தனிப் பொருளைச் சேர்மம் என்போம். பல சேர்மங்கள் கலந்து இறங்கிய டிகாஷன் போன்றதைச் சாரம் என்போம்.

சிக்கரியில் காஃபீன் கிடையாது. நாற்பது சதவீதம் சிக்கரி கலந்த பொடியில் போட்ட காபியும் சுத்தக் காபியும் பார்க்க ஒரே நிறம்தான். "காபி குடித்தால் தூக்கம் போகுமா?" என்று சோதிக்கிறவர் எந்தப் பொடி, எவ்வளவு, முதல் டிகாஷனா இரண்டாம் டிகாஷனா என்றெல்லாம் குறித்துவைக்காவிட்டால் அவர் முடிவை வைத்து நாம் ஒன்றும் செய்ய முடியாது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்; கபசுரக் குடிநீரில் பதினைந்து. ஒவ்வொரு சரக்குக்குள்ளும் ஒரு காபிக் கொட்டையளவு குழப்பம் இருக்கிறது.

எதைக் கொண்டு எடுக்கிறோம் என்பதும் முக்கியம். காய்ந்த மிளகாயைத் தண்ணீரில் போட்டால் நிறம் சரியாக இறங்காது. காய்ந்த எண்ணெயில் போட்டால் எண்ணெயே சிவக்கும். தாளிப்பு என்று நாம் ஒன்று வைத்திருப்பதே அதனால்தான். சில சேர்மங்கள் தண்ணீரில் கரையும், சில எண்ணெயிலோ சாராயத்திலோதான் கரையும். வீட்டில் கஷாயமாகக் குடிக்கிறோம். ஆய்வகத்தில் மெத்தனால் என்ற ரசாயனத் திரவத்தில் ஊறவைத்து எடுத்த சாரத்தைச் சோதிக்கிறார்கள். இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்த வேறு வேறு பொருள்கள்.

சூடு எல்லாவற்றையும் கெடுத்துவிடவும் கூடும். சீனாவில் து யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் எடுத்த ஒரு செடியின் சாரம் ஒரு நேரம் வேலை செய்தது, ஒரு நேரம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவச் சுவடி ஒன்றைத் திரும்பப் படித்தபோது, செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லை. உடனே குறைந்த சூட்டில் எடுக்க ஈதர் என்ற திரவத்துக்கு மாறினார். ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும். சென்னையில் மே மாத மதியத்துக்கு அதுவே போதும். 1971-ல் அந்தச் சாரம் பலித்தது. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து அப்படி வந்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. பழைய சுவடி துப்புக் கொடுத்தது. துப்பைப் பிடித்துக்கொண்டு போனது சோதனை.

செடியை அடையாளம் காண்பதே ஒரு பெரிய வேலை. கீழாநெல்லி என்று சந்தையில் வரும் கட்டில் அதன் சொந்தக்காரச் செடிகள் நாலைந்து கலந்திருக்கலாம். அதில் ஒன்றான மேலாநெல்லிக்குத் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் மெடராஸ்படென்சிஸ். நம் மதராஸின் பெயர்தான். முறையாக ஆய்வு செய்கிறவர்கள் தாங்கள் எடுத்த செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எண் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டலாம்.

இதுவரை வந்ததைத் திரட்டினால்: செடி என்பது பல சேர்மங்களின் மூட்டை. எந்தச் செடி, எப்படி எடுத்த சாரம், எவ்வளவு என்று சொல்லாத சோதனையில் எதைச் சோதித்தார்கள் என்பதே தெரியாது.

கண்ணாடித் தட்டில் ஜெயிப்பது சுலபம்

தட்டில் புற்றுநோய் உயிரணுக்கள் வளர்கின்றன. மேலே சாரத்தை ஊற்றுகிறார்கள். உயிரணுக்கள் சாகின்றன. மறுநாள் செய்தி: "புற்றுநோயைக் கொல்லும் மூலிகை!"

பினாயில் ஊற்றினாலும் அவை செத்திருக்கும். வினிகர், சோப்புத் தண்ணீர், உப்பைக் கொட்டினாலும்கூட. ஒரு பொருள் உயிரணுவைக் கொல்வது அதிசயமே இல்லை. கெட்ட உயிரணுவைக் கொல்லும் அளவில் நல்ல உயிரணுவை விட்டுவைக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் பக்கத்துத் தட்டில் நல்ல உயிரணுக்களை வைத்து, சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். சாம்பாரில் உப்பு போல. போதாத அளவு ஒன்று, சரியான அளவு ஒன்று, வாயில் வைக்க முடியாத அளவு ஒன்று. நடுவில் இருக்கும் அந்தச் 'சரியான' இடம் எவ்வளவு அகலம் என்பதே மருந்தின் தரம். சில பொருள்களுக்கு அந்த இடமே இருக்காது.

இன்னொரு சங்கடம்: தட்டில் ஊற்றிய அளவு உடம்புக்குள் போய்ச் சேருமா? வாயில் போட்டது வயிற்று அமிலத்தைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலின் சுங்கச் சாவடியைக் கடந்து இரத்தத்துக்கு வர வேண்டும். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் இதற்குப் பேர்போன உதாரணம். தட்டில் அது செய்யாத வேலை இல்லை. உடம்புக்குள் மிகச் சொற்பமே உறிஞ்சப்படுகிறது. அதைவிட வேடிக்கை, அது தானே ஒளிரும் பொருள். ஆய்வகக் கருவிகள் பல, ஒளியை அளந்துதான் 'மருந்து வேலை செய்தது' என்று சொல்கின்றன. குர்க்குமின் அந்தக் கருவியையே ஏமாற்றிவிடும். 2017-ல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். மனிதரிடம் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் நடந்திருந்தும், கறாரான ஒப்பீட்டில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். ரசத்தில் மஞ்சளை நிறுத்த வேண்டாம். மஞ்சள் மாத்திரைக்குக் கொடுக்கும் காசைத்தான் யோசிக்க வேண்டும்.

எலி வேறு கதை சொன்னது

சென்னையில் எந்த வீட்டு காம்பவுண்டிலும் நித்தியகல்யாணி இருக்கும். ஊதாவும் வெள்ளையுமாக, தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பூக்கும். இந்தச் செடியின் கதை எனக்குச் சொல்லி அலுக்காது.

ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். நம் ஊரிலும் அந்தப் பேச்சு உண்டு. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் அதைச் சோதிக்க இறங்கினார்கள். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். எலிகள் சில நாள்களில் செத்தன. இதோடு மூட்டை கட்டியிருக்கலாம். அவர்களோ எலிகள் ஏன் செத்தன என்று பார்த்தார்கள். கிருமித் தொற்று. தொற்று ஏன்? இரத்தத்தில் வெள்ளையணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயிருந்தன.

வெள்ளையணு குறைவது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து. ஆனால் வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதே நோயாக இருந்தால்? இரத்தப் புற்றுநோய் அப்படிப்பட்டதுதான். அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் பிரிக்கப்பட்டது, கொஞ்ச காலத்தில் வின்கிறிஸ்டினும். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை.

பாட்டிமார் சொன்ன செடியில் மருந்து இருந்தது. சொன்ன நோய்க்கு இல்லை. இரண்டையும் கண்டுபிடித்தது ஒரே சோதனை. (சுகருக்கு நல்லது என்று நித்தியகல்யாணி இலையை மெல்லச் சொல்லும் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து மெல்லாதீர்கள், எலிகளுக்கு ஆனது ஞாபகம் இருக்கட்டும்.)

ஆல்டரேஷன் டெய்லர் வேலை

செடியிலிருந்து கிடைக்கும் சேர்மம் பெரும்பாலும் ரெடிமேட் சட்டை மாதிரி. தோள் சரியாக இருந்தால் கை நீளமாக இருக்கும். செடி அதை நமக்காகத் தைக்கவில்லையே. பூச்சியை விரட்டவும் ஆடு மேயாமல் இருக்கவும் தைத்தது. வேதியியலாளர் அதை வாங்கி இங்கே பிடித்து, அங்கே வெட்டி நம் உடம்புக்குப் பொருந்தச் செய்கிறார். அப்படி ஆய்வகத்தில் புதிதாகக் கட்டிய மூலக்கூறைத் தொகுப்புச் சேர்மம் என்போம்.

வில்லோ மரப்பட்டை காய்ச்சலுக்கும் வலிக்கும் பழைய ஐரோப்பிய வைத்தியம். அந்த வழியில் வந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. 1897-ல் பேயர் நிறுவனத்தில் அதில் ஒரு சிறு ஒட்டுப் போட்டார்கள், ஆஸ்பிரின் ஆனது.

நமக்கு இன்னும் பழக்கமானது மெட்ஃபார்மின். சென்னையில் டைனிங் டேபிள் மேல் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்த அட்டை இல்லாத வீடு குறைவு. கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த ஒரு சேர்மம் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சு. அதே குடும்பச் சாயலில் ஆய்வகத்தில் கட்டியவற்றில் ஒன்றுதான் மெட்ஃபார்மின். 1922-லேயே செய்துவிட்டார்கள், சீந்துவாரில்லாமல் கிடந்தது. 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளிடம் பயன்படுத்தி வெளியிட்ட பிறகுதான் அதற்குக் காலம் வந்தது.

அதனால் "மூலிகை நல்லது, கெமிக்கல் கெட்டது" என்ற பேச்சுக்கு அர்த்தமே கிடையாது. தேயிலையிலிருந்து எடுத்த காஃபீனும் ஃபேக்டரியில் கட்டிய காஃபீனும் ஒரே மூலக்கூறு. தான் பிறந்த ஊர் அதற்குத் தெரியாது. அரளி விதையும் இயற்கைதான்.

இரண்டாவது முறையாகத் திரட்டிக்கொள்வோம். தட்டு, எலி, தையல் மூன்றும் தேர்வுக்கு ஆள் பொறுக்கும் வேலை. தேர்வு இனிமேல்தான்.

ஐப்பசியில் மழைக்கு யாகம்

ஐப்பசி பிறந்ததும் சென்னையில் ஒருவர் மழை வேண்டி யாகம் செய்கிறார் என்று வையுங்கள். பத்து நாளில் மழை கொட்டுகிறது. யாகம் பலித்ததா? வடகிழக்குப் பருவமழை அப்போதுதானே வரும்.

நோய்களுக்கும் பருவம் உண்டு. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகத் தணிகிறது. வைரஸ் காய்ச்சல் ஒரு வாரம். மூட்டு வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாமல் ஏறிய நாளில்தான் மருந்து தேடிப் போவோம், அதற்கப்புறம் அது இறங்கத்தான் செய்யும். மருந்து குடித்தவர் குணமானார் என்பது யாகம் செய்ததும் மழை வந்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாகம் செய்யாத ஐப்பசியையும் பார்த்தால்தான் தெரியும்.

அந்த 'செய்யாத' ஆட்களுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். பெரம்பூர் பின்கட்டில் பாலாஜி எனக்கு ஒப்பீட்டுக் குழுவாக இருந்தான். யாரும் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

யார் எந்தக் குழு என்று எப்படி முடிவு செய்வது? டாக்டரிடம் விட்டால், தன்னை அறியாமலே தேறக்கூடியவர்களைப் புது மருந்துக்கு அனுப்புவார். நோயாளியிடம் விட்டால், வசதியும் அக்கறையும் உள்ளவர்கள் ஒரு பக்கம் சேர்வார்கள். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இது குலுக்கல் முறை. போதிய ஆட்கள் இருந்தால் வயசு, சாப்பாடு, பழக்கவழக்கம், நமக்குத் தெரியாத நூறு விஷயங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். மிஞ்சும் வித்தியாசம் மருந்து மட்டும்.

அடுத்தது நம்பிக்கை. மருந்து என்று நம்பி எதையாவது விழுங்கினாலே வலி கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றும். அதைச் சமன் செய்ய, ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நிறத்தில், அதே ருசியில், மருந்தில்லாத மாத்திரை கொடுப்பார்கள். அதை வெற்று மாத்திரை என்போம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அளக்கும் டாக்டருக்கும் தெரியாது. இது இருபக்க மறைப்பு. விடைத்தாளில் பெயருக்குப் பதில் டம்மி நம்பர் போடுகிறோமே, அதே காரணம்தான். கஷாயத்துக்கு இதைச் செய்வது கஷ்டம். நிலவேம்பின் கசப்புக்கு ஈடாக மருந்தில்லாத ஒரு கசப்பைத் தயாரிப்பவர் தனிக் கலைஞர்.

உலகம் படித்த சென்னைச் சோதனை

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். காசநோய்க்கு ஒரு காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, அதற்கெனக் கட்டிய சானடோரியம் என்று உலகமே நம்பியது. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது அந்தக் காலத்தில்தான். 1950-களில் மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் இத்தனை லட்சம் நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது?

1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். ஒரு குழு சானடோரியத்தில், மற்றது வீட்டில். வீட்டில் என்றால் ஒரே அறையில் குடும்பமே நெருக்கிப் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, உடம்பு முடிகிறபோது வேலைக்கும் போய்க்கொண்டு.

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் கூடியிருந்தது. சளியில் கிருமி மறைந்ததில் இரண்டு குழுவும் ஏறக்குறைய சமம்! இங்கே மறைப்பு முடியாது. தான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரியும். ஆனால் சளியில் கிருமி இருப்பதும் இல்லாததும் அவர் நம்பிக்கையைக் கேட்டு நடப்பதில்லை. நோயாளி வீட்டில் இருந்ததால் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடியதா என்றும் தொடர்ந்து பார்த்தார்கள், கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு இந்தச் சென்னைச் சோதனை பெரிய காரணம். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சானடோரியத்தில் மட்டும் பார்த்திருந்தால், நல்ல காற்றும் பாலும் முட்டையும் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கும்.

கீழாநெல்லிக்கு வருவோம்

மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயரே அல்ல. கண் மஞ்சளாவது அறிகுறி. பின்னால் ஹெபடைடிஸ் ஏ இருக்கலாம், பி இருக்கலாம், பித்தக்குழாயில் கல் இருக்கலாம், குடி இருக்கலாம். இதில் ஹெபடைடிஸ் பி சிலர் உடம்பில் வருடக்கணக்கில் தங்கிவிடும். அது தானாகப் போவது அபூர்வம். ஐப்பசி மழைச் சிக்கல் இங்கே குறைவு என்பதால், சோதிக்க நல்ல இடம்.

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் தலைமையிலான குழுவும் சேர்ந்து கீழாநெல்லியை எடுத்துக்கொண்டார்கள். வைரஸ் தங்கியவர்களில் ஒரு பகுதிக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த கேப்சூல், மற்றவர்களுக்கு வெற்று கேப்சூல், முப்பது நாள். 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று கேப்சூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

நம் ஊர்க் கட்டுரைகள் பொதுவாக இந்த வரியோடு 'நன்றி, வணக்கம்' சொல்லிவிடும். கதை அப்புறமும் போனது. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1990-ல் அதே லான்செட்டில், பலிக்கவில்லை என்று எழுதினார்கள். நியூசிலாந்து 1994-ல் அதையே சொன்னது. 2011-ல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மறுஆய்வு, வெற்று மாத்திரையைவிட நன்மை தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் சென்னைக் குழு தப்பு செய்ததா? அவசியமில்லை. அறுபது பேர் சிறிய எண்ணிக்கை. எந்த மண்ணில், எந்த மாதம் பறித்த செடி என்பதில் வித்தியாசம் இருந்திருக்கலாம். அவர்களே அதை முதல்கட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். முதல் முடிவு ஒரு கேள்வியைத் திறக்கிறது. வேறு ஊரில், வேறு கையில் திரும்ப வந்தால்தான் அது பதிலாகும். சோதனை என்ற சொல்லில் அந்த 'திரும்ப' அடக்கம் என்பதைத்தான் நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எதை அளந்தார்கள்? டெங்குவில் பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் எண்ணிக்கை சீக்கிரம் ஏறியது என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கலாம். ஆனால் நோயின் போக்கில் பிளேட்லெட் தானாகவும் ஏறும்; எண் ஏறியதும் ஆள் ஆபத்திலிருந்து தப்பியதும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் ஒரு எண் மாறியதைக் காட்டி நோயே மாறியதாகச் சொல்வது மூலிகைக்காரர்களின் தனிப் பழக்கமும் இல்லை. பெரிய மருந்துக் கம்பெனிகளும் செய்யும்.

"எங்கள் மருந்தை அப்படிச் சோதிக்க முடியாது"

இந்த வாதம் புதிதல்ல. 1918-ல் சென்னை மாகாண அரசு, நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமன் என்பவரை நியமித்தது. அவர் அறிக்கை வைத்தியர்களுக்குப் பிடிக்கவில்லை; எங்கள் முறை தெரியாமல் எங்கள் மருந்தை எடைபோட்டார் என்று மறுப்பே வெளியிட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஒரு சரக்கைத் தனியாகப் பிய்த்து எடுத்து, வைத்தியர் சொல்லாத விதத்தில் கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்றால் எப்படி?

ஆனால் ஒப்பீட்டுக் குழு வைத்துப் பார்க்க, மருந்துக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியவே வேண்டாம். பதினைந்து சரக்கையும் அப்படியே கஷாயமாகக் கொடுக்கலாம். வாதம், பித்தம், கபம் பார்த்து ஆளுக்கொரு மருந்து என்றால், ஒரு குழுவை முழுக்க வைத்தியர் கையில் விட்டு, அவர் இஷ்டப்படி கொடுக்கச் சொல்லி, மற்றக் குழுவோடு ஒப்பிடலாம். ஏன் வேலை செய்கிறது என்பது அப்புறம். வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கலாமே. அரும்பாக்கத்து மத்திய சித்த ஆராய்ச்சி நிலையமும் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. ஆளுக்கும் அறிவுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் பணத்துக்கு. பழைய பாடத்தில் உள்ள குடிநீருக்கு யாரும் பேடண்ட் வாங்க முடியாது; கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதிக்க எந்தக் கம்பெனி வரும்?

லேபிளில் 'அரசு லைசன்ஸ்' என்று இருந்தால் சோதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பழைய நூல்களில் சொன்னபடியே செய்த சித்த, ஆயுர்வேத மருந்துக்கு, லைசன்ஸ் வாங்கப் புதிதாக மனிதரிடம் ஆய்வு நடத்த வேண்டியதில்லை. புது அலோபதி மருந்துக்குக் கதை வேறு: சில பத்துப் பேரிடம் ஆபத்தில்லையா என்று முதல் கட்டம், சில நூறு பேரிடம் பலன் தெரிகிறதா என்று இரண்டாம் கட்டம், பெருங்கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாம் கட்டம். மனிதரிடம் வந்தவற்றிலேயே பத்தில் ஒன்றுதான் கடைசியில் கடைக்கு வருகிறது. 2009 ஜூன் முதல் இந்தியாவில் மனிதரிடம் நடத்தும் ஆய்வுகளை ஆரம்பிக்கும் முன்பே அரசின் பதிவேட்டில் பதிய வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மூலிகை பெயரைப் போட்டாலும் வரும்.

போன வருடம் பாலாஜி போன் செய்தான். அவன் பெண்ணுக்குக் காமாலை. "கீழாநெல்லி கொடுக்கலாமாடா?" என்றான். முதலில் இரத்தப் பரிசோதனை செய், எந்தக் காமாலை என்று தெரியட்டும் என்றேன். ஹெபடைடிஸ் ஏ என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஓய்வும் நல்ல தண்ணீரும் போதும் என்றார், கல்லீரலுக்குச் சுமை தரும் மாத்திரை எதுவும் கேட்காமல் போட வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குள் பெரியம்மா, எண்பத்திரண்டு வயசில், மிக்சியில் அரைத்து மோரில் கரைத்து மூன்று நாள் கொடுத்தே விட்டிருந்தார். குழந்தை சமர்த்தாகக் குடித்துவிட்டாள். இப்போது இருக்கும் ஃபிளாட்டில் வாழை மரமும் கிடையாது. நாலாவது வாரம் பார்க்கப் போனேன். கண் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியாப்பா?" என்றார் பெரியம்மா.

இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை.